பதினைந்து பேரின் மூச்சு

அந்த மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் இருந்த சின்ன அறையிலிருந்து காலை ஒன்பது மணிக்கே அதட்டல் கேட்கத் தொடங்கிவிடும்.

“இழு, இழு, இன்னும் இழு. இப்ப ஊது. ஊது ஊது ஊது, விடாத, நிறுத்தாத, உள்ள இன்னும் இருக்கு, அதையும் ஊது.”

புதிதாக வந்தவர்கள் உள்ளே யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று பயந்துபோய் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு மனிதர் மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, வாயில் அட்டைக் குழாயைக் கவ்விக்கொண்டு, முகம் சிவக்க உட்கார்ந்திருப்பார். எதிரே நின்று அதட்டுகிறவள்தான் ஊதலக்கா. அவளுக்கு என்று ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரே ஒருநாள் வாய்தவறி “ஊதலக்காவை வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேலை என்னவோ எளிதுதான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே மூச்சில் குழாய்க்குள் ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று இயந்திரம் அளந்து சொல்லும். வயதுக்கும் உயரத்துக்கும் வரவேண்டியது இவ்வளவு, வந்தது அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு தாள் வெளியே வரும். ஆனால் ஊதுகிறவன் மனிதன் ஆயிற்றே. லீவு வேண்டும் என்பவன் பாதி ஊதுவான். வேலை வேண்டும் என்பவன் கண் பிதுங்க ஊதுவான். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் ஊதலக்காவுக்கு எல்லோரையும் தெரியும். தோளைப் பார்த்தே “எனக்கே காது குத்தறியா, ஒழுங்கா ஊது” என்பாள். தன் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வம் நியாயமானது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அவளுடைய தம்பி சிமென்ட் ஆலையில் மூட்டை நிரப்புகிறவன். அவளுக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் என்பதால் அவன் கல்யாணமாகி மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த பிறகும் அவளுக்கு அவன் சின்னப் பிள்ளைதான். ஆலையில் மூட்டைக் கூடத்தில் அவனையும் சேர்த்துப் பதினைந்து பேர். வருடத்துக்கு ஒருமுறை ஆலை பஸ் அவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிவரும், ஊதிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். எண்பதுக்குக் கீழே வந்தவனைத் தூசியில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். அப்படி நிறுத்தக் கூடாதவனுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். அதனால் எண்பதைத் தொடாதவன் நேராக வீட்டுக்குப் போனான். சோதனை ஆரம்பித்த முதல் வருடம் அப்படி இரண்டு பேர் போனார்கள், அவர்கள் இடத்துக்கு மறுவாரமே வேறு இரண்டு பேர் வந்தார்கள்.

அந்த முதல் வருடம்தான் தம்பியும் ஊதினான். மூன்று முறை ஊதியும் எழுபத்து மூன்றுக்கு மேல் ஏறவில்லை.

அவன் குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். ஊதலக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு செய்யவா என்று இயந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது. பதிவு செய்யாமல் அழித்தாள்.

“என்னக்கா, தேறலையா?”

“சளி கட்டியிருக்கு. வாயைத் திற.”

மேஜை இழுப்பறையில் இன்ஹேலர் இருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து. ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க, மருந்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று ஊதச் சொல்வதற்காக வைத்திருப்பது. இரண்டு தடவை அடித்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்லி, வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். அரைமணி கழித்து ஊதினான். எண்பத்தாறு.

அவள் பொய்யாக எந்த எண்ணையும் எழுதவில்லை. இயந்திரம் காட்டியதைத்தான் அச்சடித்தாள். தாளின் கீழே ஒரு கேள்வி இருக்கும், சோதனைக்கு முன் மருந்து எடுத்தாரா என்று. அதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை எழுதிய கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறாள்.

“அடுத்த வருஷத்துக்குள்ள வேற வேலை பாத்துக்கணும். புரியுதா?”

“சரிக்கா.”

அந்த ‘சரிக்கா’வை அவன் வாய் நிறையச் சொன்னான். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னான். அந்த முறை அவன் மருத்துவமனைக்கு வந்து அரைமணி உட்கார்ந்தால் மற்றவர்கள் கவனிப்பார்கள் என்று, புது இன்ஹேலர் ஒன்றை முன்னாலேயே அவன் கையில் கொடுத்துவிட்டாள். “பஸ்ஸுல ஏறினதும் ரெண்டு தடவ இழுத்துக்க. இங்க வந்து சேர அரைமணி ஆகும், சரியா இருக்கும். யார்கிட்டயும் மூச்சு விடாத.”

இப்படி வருடங்கள் போயின. தம்பி எண்பத்தைந்து, எண்பத்து நான்கு என்று ஊதினான். அவனோடு வந்தவர்களும் நன்றாகவே ஊதினார்கள். முதல் வருடத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. தன் அதட்டலுக்கு ஆலைக்காரர்கள் பழகிவிட்டார்கள் என்று ஊதலக்காவுக்குப் பெருமை. மற்ற கம்பெனிக்காரர்கள் சோம்பலாக ஊதினால், “அந்த சிமென்ட் ஆளுங்களப் பாத்துக் கத்துக்குங்க” என்று சொல்லிக்காட்டுவாள்.

இதற்கிடையில் வெயில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அது மூன்று மாத விருந்தாளி. இப்போது ஆறு மாதம் தங்கிவிட்டுப் போக மனமில்லாமல் போகிறது. தகரக் கூரை போட்ட அந்தக் கூடத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்க முடியாது. வியர்வையில் துணி நனையும். நனைந்த துணியில் சிமென்ட் தூள் படிந்தால் என்ன ஆகும் என்று கொத்தனாரைக் கேட்கத் தேவையில்லை. முகத்தோடு சேர்ந்து இறுகிப்போகும். அதனால் முகமூடிகள் பாக்கெட்டுக்குப் போயின. வெக்கை தாங்காமல் பெரிய மின்விசிறிகளைப் பின்சுவரில் பொருத்தினார்கள். அவை கூடத்துத் தூசியை அள்ளிப் பின்னால் இருந்த மூன்று தெருக்களில் கொட்டின. மழை வரவேண்டிய நாளில் வந்திருந்தால் கழுவிக்கொண்டாவது போயிருக்கும். அதுவும் வரவில்லை. காற்று அசையாத நாட்களில் தெருவில் காயப்போட்ட துணியை உதறினால் மாவு உதிர்ந்தது.

ஊதலக்காவின் பெஞ்சில் முன்பு வாரத்துக்கு இரண்டு மூன்று குழந்தைகள் உட்கார்ந்திருக்கும். இப்போது ஒருநாளைக்கே ஏழெட்டு. அதில் ஒன்று ஆலைக்குப் பின்தெருவில் இருந்த தையல்காரம்மாவின் ஆறு வயது மகள். அந்தப் பெண் ஊதும்போது குழாயில் காற்றோடு விசில் சத்தமும் வரும். வெளியே வந்ததும், “அத்தை, நான் பாட்டு பாடினேனா?” என்று கேட்கும். சிரித்துக்கொண்டே தலையைத் தடவி அனுப்பிவிட்டு ஊதலக்கா அடுத்த பெயரைக் கூப்பிடுவாள்.

தையல்காரம்மா சும்மா இருக்கிற ஆளில்லை. மூன்று தெருக்காரர்களையும் திரட்டிக் கையெழுத்து வாங்கி சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்தாள். மின்விசிறிகளை அடைக்க வேண்டும், கூடத்திலும் புகைக்கூண்டிலும் தூசி வடிகட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. அலுவலகம் மருத்துவமனையிடம் அறிக்கை கேட்டது. பெரிய டாக்டர் ஊதலக்காவைக் கூப்பிட்டு, ஆலைத் தொழிலாளர்களின் நான்கு வருடத் தாள்களையும் பட்டியலாகப் போடச் சொன்னார்.

போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே படித்தார். நல்ல மனிதர். அந்தக் குழந்தைகளுக்காக ஏதாவது எழுத வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை.

“இப்ப இருக்கற பதினஞ்சு பேரும் எண்பதுக்கு மேல. ஒம்பது வருஷமா மூட்டை வாய்கிட்டயே நிக்கறாரே ஒருத்தர், உங்க தம்பிதானே, அவருக்கே எண்பத்தி நாலு. தூசியோட நடுவுல நிக்கறவங்களுக்கே ஒண்ணும் ஆகலேன்னா, பின்தெருவுல இருக்கற குழந்தைக்கு அதனாலதான் வருதுன்னு நான் எப்படி எழுதறது?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஊதலக்காவுக்கும் அது தெரிந்தது. வாயைத் திறந்தாள். தம்பியின் முகமும் தன் வேலையும் கண்முன் வந்து நின்றன.

“தேதி இன்னைக்கே போட்டுடவா டாக்டர்?” என்று கேட்டாள்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். பதினைந்து பேரில் பதினான்கு பேர் ஒழுங்காக ஊதித் தேறியிருக்கிறார்கள். தம்பி ஒருவனுடைய எண் மாறியதால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது. அவன் இல்லாவிட்டாலும் அறிக்கை இதையேதான் சொல்லியிருக்கும். இந்தச் சமாதானம் அவளுக்கு ஒரு வருடம் தாங்கியது, நடுவில் வந்த ஐந்தாவது சோதனைக்கும் அவன் கையில் இன்ஹேலரைக் கொடுக்கிற அளவுக்கு. மனு தள்ளுபடியான அன்று தையல்காரம்மா வந்து, “ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்களாமே அக்கா. அப்ப என் பொண்ணு நடிக்கறாளா?” என்று கேட்டபோதுகூடத் தாங்கியது.

இந்தக் கோடையில் வெயில் ஒன்பது நாள் தொடர்ந்து நாற்பத்து நான்கில் நின்றது. ஒன்பதாவது நாள் பகல் பதினொரு மணிக்குத் தம்பியின் மனைவி அவனை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினான். ஆக்சிஜன் வைத்து, மறுநாள் கொஞ்சம் தெளிந்ததும், டாக்டர் அவனை ஊதச் சொன்னார். ஊதலக்கா அதட்டவில்லை. மெதுவாக, “ஊதுடா கண்ணு,” என்றாள். முப்பத்தொன்பது.

டாக்டர் பழைய தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்பிப்போனார். “பத்து மாசத்துல எண்பத்தி நாலு முப்பத்தொம்பதாகுமா? தூசி இவ்வளவு வேகமாத் திங்காது. இது வேற ஏதோ. ரத்தம் கட்டிப்போய் நுரையீரல்ல அடைச்சிருக்கலாம். புத்துநோயாக்கூட இருக்கலாம்.” ஸ்கேன் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. காத்திருக்க நேரமில்லை என்று, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் தம்பிக்கு மூக்கில் ரத்தம் வந்தது.

அந்த மூன்று நாளும் ஊதலக்கா வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது. வார்டுக்கும் தன் அறைக்குமாக நடந்தாள், தலையணை மாற்றினாள், ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள், அந்த ஒன்றைத் தவிர எல்லாம் செய்தாள். சொல்லலாம் என்று போகும்போதெல்லாம் தம்பி கண்ணாலேயே வேண்டாம் என்பான். அவளுக்கு வேலை போய்விடும் என்று அவனுக்குப் பயம்.

நான்காம் நாள் காலையில் தம்பியின் மனைவி ஒரு தாளோடு அவளுடைய அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, உள்ள குழாய் விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணுமாம். இருக்கற மூச்சுக்கு அது ஆபத்துதான், ஆனா வேற வழியில்லங்கறாங்க. கையெழுத்து கேக்கறாங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க சொன்னாப் போடறேன்.”

பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தாள்.

“போடாத,” என்றாள் ஊதலக்கா. “கொடு அதை.” தாளைப் பிடுங்கிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

நின்றபடியே சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அஞ்சு வருஷமுமா?”

“அஞ்சு வருஷமும் டாக்டர்.”

“முதல் வருஷம் மருந்து இல்லாம எவ்வளவு?”

“எழுபத்தி மூணு.”

“எழுபத்தி மூணுல வெளிய வந்திருந்தா அவர் இன்னைக்கு மாடி ஏறிட்டிருப்பார்மா.” திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. “போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம். சதை எடுக்க வேண்டாம், அந்த ஊசியையும் நிறுத்தச் சொல்றேன்.” பிறகு அலமாரியிலிருந்து போன வருட அறிக்கையை எடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வேற எத்தன பேருக்கு இப்படிப் பண்ணீங்க?”

“யாருக்கும் இல்ல. என் தம்பி ஒருத்தனுக்குத்தான். என் பிள்ளைங்க மேல சத்தியமா டாக்டர்.”

“மத்த பதினாலும்?”

“என் கண்ணு முன்னாடி ஊதினது. ஒவ்வொண்ணையும் நான் நின்னு பாத்தேன்.”

“அப்ப பதினஞ்சுல ஒண்ணு தப்புன்னு திருத்தம் எழுதி அனுப்பறேன். ஒண்ணுங்கறதால அறிக்கையோட முடிவு மாறாது. உங்க விஷயம் மேலிடம் பாத்துக்கும்.”

வெளியே வந்தபோது அவளுக்கு வெட்கக்கேடான ஒரு நிம்மதி இருந்தது. வேலை போனாலும் போகட்டும், தம்பி பிழைத்தான், கெட்டது ஒரு தாளோடு நின்றது. வார்டுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

“உனக்கு ஒருத்தனுக்குத்தான்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். மத்தவங்க ஒழுங்கா ஊதினாங்களே, அதுவரைக்கும் என் மானம் பொழச்சுது.”

தம்பி ஆக்சிஜன் முகமூடியை விலக்கினான். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

“அக்கா... ஒரு இன்ஹேலர்ல... இருநூறு தடவ இழுக்கலாம்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “அதுக்கென்னடா?”

“பஸ்ஸுல... கை மாத்திக் கை மாத்தி... எல்லாரும்தான்.”

பின்னால் வார்டில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும்னா?”

“பதினஞ்சு பேரும். நாலு வருஷமா.”

“யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு சொன்னேனேடா.”

“அவங்களுக்கும்... புள்ளகுட்டி இருக்குல்லக்கா.” மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னான். “நீ எனக்குப் பண்ணத... நான் அவங்களுக்குப் பண்ணேன்.”

அவள் முகமூடியை எடுத்து அவன் முகத்தில் சரியாக வைத்து, பட்டையை இழுத்துவிட்டாள். நான்கு வருடம், வருடத்துக்குப் பதினைந்து பேர், அறுபது முறை அவள் எதிரே நின்று பார்த்திருக்கிறாள். ஒருவர் தோளிலும் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லையே, உண்மையாகவே உயிரைக் கொடுத்து ஊதினார்கள். அந்த மூச்சைக் காட்டித்தான் மூன்று தெருக் குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை எழுதி அனுப்பியது.

எழுந்து நடந்தாள். டாக்டர் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை. அவர் திருத்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுன்னு எழுதாதீங்க டாக்டர்.”

“பின்ன எத்தன?”

“பதினஞ்சும். ஒண்ணுகூட நிக்காது. அத்தனையும் மருந்தோட ஊதினது.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எழுதிய தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

“பேரெல்லாம் எழுதுங்க. எல்லாரையும் நாளைக்கே கூப்பிடணும்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டியலைப் பார்க்காமலே பதினைந்து பெயர்களையும் எழுதினாள். யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட அவளுக்குத் தெரியும். யாருக்கு எவ்வளவு மூச்சு மிச்சமிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.